மகள் வாயால் பேசும் அம்மா

கேள்வி: எனக்கு 37 வயது. சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். கல்யாணமாகி பெங்களூரு ராமமூர்த்தி நகருக்கு வந்து 12 வருடம் ஆகிறது. வாழ்க்கை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ், யோகா, ஆன்லைனில் தன்னம்பிக்கைப் பயிற்சி என்று பணம் கட்டிச் சேர்ந்தேன், எதையும் முடிக்கவில்லை. எனக்குக் கன்னடம் வராது, வெளியே போனால் என் 9 வயது மகள்தான் பேசுவாள். மூன்று மாதமாக வயிற்று வலி, உதிரப்போக்கு என்று போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம்கூட அவள்தான் சொன்னாள். அவ்வளவு கெட்டிக்காரி! நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தொடங்க வேண்டிய இடத்தை நீங்களே எழுதிவிட்டு, அதை மகளின் பெருமையாக நினைத்துத் தாண்டிப் போய்விட்டீர்கள். பாதியில் விட்ட வகுப்புகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

ஒன்பது வயதுக் குழந்தை, முன்பின் தெரியாத டாக்டரிடம், அம்மாவுக்கு ரத்தம் போகிறது என்று சொல்லியிருக்கிறாள். எத்தனை நாளாக, எவ்வளவு என்று அவர் திருப்பிக் கேட்டதையும் அவள்தான் உங்களிடம் கேட்டிருப்பாள். அன்று ராத்திரி அவள் தூங்கினாளா என்று பார்த்தீர்களா? பிள்ளைக்காகப் பெற்றவள் பேச வேண்டும். உங்கள் வீட்டில் அது தலைகீழாக நடக்கிறது, நீங்கள் கைதட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கணவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அரை நாள் லீவு போட்டு அவர் கூட வந்திருக்க வேண்டாமா?

எங்கள் தெருவில் எல்லாரும் தமிழ்தானே என்பீர்கள். அந்தத் தமிழ் தெருமுனையோடு முடிந்துவிடுகிறது. முடிகிற இடத்தில் மகளை முன்னால் தள்ளுகிறீர்கள்.

கன்னடம் அப்படியென்ன தூரத்து மொழி? நம் சொல்லின் முதலில் வரும் ‘ப’ அங்கே பெரும்பாலும் ‘ஹ’. பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, புலி ஹுலி, பத்து ஹத்து. பழைய கன்னடத்தில் அவர்களும் ‘ப’ என்றுதான் சொன்னார்கள். சொல்லின் முதலில் வரும் நம் ‘வ’ அங்கே ‘பஸ்’ என்பதில் ஒலிக்கும் ‘ப’. வா என்பது பா, வேர் பேரு, வெள்ளி பெள்ளி. மாஸ்தி வெங்கடேச அய்யங்காரின் தாய்மொழி தமிழ். கன்னடத்தில் எழுதி 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது வாங்கினார். உங்களிடம் நான் கேட்பது காய்கறிக்கடைக் கன்னடம்தான்.

காசு செலவழித்து இன்னொரு வகுப்பில் சேராதீர்கள். 2023 ஜூன் முதல் கர்நாடகத்தில் குடியிருக்கும் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்களில் டிக்கெட் இலவசம். இந்த ஊர் முகவரி போட்ட ஆதார் கையில் இருந்தால் போதும். மகள் பள்ளிக்கூடம் போனதும் ஏறி உட்காருங்கள். பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் ‘எல்லிகெ ஹோக்தீரா?’ என்று கேளுங்கள். எங்கே போகிறீர்கள், அவ்வளவுதான். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சாயங்காலம் மகளின் கன்னடப் பாடப்புத்தகத்தை எடுத்து அவள் எதிரில் உட்காருங்கள். வீட்டில் அவள் உங்களுக்கு டீச்சராக இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்று மாத உதிரப்போக்கு விளையாட்டில்லை. இந்த வாரமே மறுபடி டாக்டரிடம் போங்கள், கணவரோடு. மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். முதல் வாக்கியத்தை நீங்களே சொல்லுங்கள்: ‘மூறு திங்களிந்த ஹொட்டெ நோவு.’ மூன்று திங்களாக நோவு. இதில் உங்களுக்குப் புதுச்சொல் ஹொட்டெ ஒன்றுதான். வயிறு என்று அர்த்தம்.