பழைய கன்சோல் கேமுக்கு எந்தக் கணினி வாங்கலாம்?

கேள்வி: பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் கேம்களை எமுலேட்டரில் (பழைய கேம் பெட்டியைப் போலக் கணினியை நடிக்க வைக்கும் மென்பொருள்) விளையாட ஒரு கணினி சேர்க்க வேண்டும். முடிந்தால் பின்னால் பிளேஸ்டேஷன் 3-உம். கையில் நாற்பதாயிரம் இருக்கிறது. கோவையில் ஒரு கடையில் பழைய ஜியான் இ5-2680 வி2 பிராசசர், 10 கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதி), 32 ஜிபி ராம், போர்டோடு சேர்த்துக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா? எங்களுடையது தோட்டத்து வீடு. மோட்டார் போட்டால் லைட் மங்கும்.
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

வேண்டாம் தம்பி. அந்தப் பிராசசர் கெட்டதில்லை. 2013-இல் சர்வருக்கென்று வந்தது, ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கும். ஆனால் எமுலேட்டருக்கு அது உதவாது.

பிஎஸ்2-வின் பிராசசருக்கென்று எழுதிய ஒவ்வொரு கட்டளையையும், கேம் ஓட ஓட, நம் கணினிக்குப் புரிகிற கட்டளையாக மாற்றிக்கொண்டே வர வேண்டும். விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடிதான். அதற்குள் முடியாவிட்டால் ஆட்டம் மெதுவாகும், பாட்டு இழுக்கும். முந்தின கட்டளை முடிந்தால்தான் அடுத்தது என்பதால் இந்த வேலையைப் பத்து கோருக்குப் பங்கு போட முடியாது. பக்கத்தில் பத்துப் பேர் நின்றாலும் ஒரு தறியில் ஒரு நாடாதானே ஓடும்! பிஎஸ்2 எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2-வின் பாரமான வேலையெல்லாம் மூன்று த்ரெட்டுக்குள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரடு) அடங்கிவிடும். மீதி கோர்கள் சும்மா கிடக்கும். அதனால் ஒரு கோர் எவ்வளவு வேகம் என்று பார்த்து வாங்குங்கள். எத்தனை கோர் என்பது அப்புறம். தவிர, அந்த வி2 வரிசையில், ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்குப் போடும் ஏவிஎக்ஸ்2 வசதி கிடையாது. உள்ளே கிராபிக்ஸும் கிடையாது, கார்டு தனியாக வாங்க வேண்டும். குறைந்த விலை என்பது அங்கேயே போய்விடும்.

நான் சேர்த்துத் தருவதாக இருந்தால் ரைசன் 5 5600ஜி போடுவேன். 6 கோர், 12 த்ரெட், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. பெயரின் கடைசி எழுத்தைக் கட்டாயம் கவனியுங்கள். இந்த வரிசையில் 'ஜி' இருந்தால் கிராபிக்ஸ் உண்டு. இன்டெல்லில் ஐ3-12100 என்றால் உண்டு, 12100எஃப் என்றால் இல்லை. கார்டு இல்லாமல் அதைப் போட்டால் மானிட்டரில் ஒன்றுமே வராது. விலை குறைவாக இருக்கிறதே என்று 'எஃப்' வாங்கிவிட்டு, கணினி கெட்டுப்போச்சு என்று கொண்டுவருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

ராம் 16 ஜிபி போதும். ஆனால் 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இரண்டு ஸ்டிக் போட்டால்தான் இரண்டு வழியாகவும் தகவல் போய்வரும். கடைக்காரர் ஒரே 16-ஐ எடுத்து வைத்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். 500 ஜிபி எஸ்எஸ்டி தாராளம்; பிஎஸ்2 டிவிடி பெரும்பாலும் 4.7 ஜிபிக்குள்தான். ராம் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, வாங்குகிற அன்றைக்கு இரண்டு மூன்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

பிஎஸ்3 வந்தால் கணக்கு மாறும். அதன் செல் பிராசசரில் ஒரு முக்கிய கோரோடு, கேம்களுக்கென்று ஆறு துணைக் கோர்களும் வேலை செய்கின்றன. அதைப் பாவனை செய்யும் ஆர்பிசிஎஸ்3-க்குக் கோர் எண்ணிக்கையும் வேண்டும், வேகமும் வேண்டும். 5600ஜி-யில் லேசான கேம்கள் ஓடும், பெரியவற்றை எதிர்பார்க்காதீர்கள். பிஎஸ்3 தான் உண்மையான ஆசை என்றால் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து ரைசன் 7000 வரிசைக்குப் போங்கள். அதில் உள்ள ஏவிஎக்ஸ்-512 அந்த எமுலேட்டருக்கு நன்றாகவே உதவும்.

மோட்டார் சங்கதிக்கு வருகிறேன். லைட் மங்குகிறது என்றால் அந்த நேரம் வோல்டேஜ் இறங்குகிறது. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) வேண்டவே வேண்டாம். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்று காட்டும் 80 பிளஸ் முத்திரை உள்ள நல்ல 450 வாட், கூடவே ஒரு யுபிஎஸ். எமுலேட்டரில் பிஎஸ்2 மெமரி கார்டு என்பது 8 எம்பி அளவுள்ள ஒரு ஃபைல். ஆட்டத்தை சேவ் செய்யும் நேரம் பார்த்து கணினி அணைந்து எழுந்தால் அந்த ஃபைல் கெட்டுப்போகலாம். மாதக்கணக்கில் விளையாடியது போய்விடும். வாரம் ஒருமுறை அதை பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். வயரிங்காரரைக் கூப்பிட்டு எர்த்தையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆபீசில் கழித்த ஐ5-4570 கணினியில் பிஎஸ்2 கேம் ஓட்டுகிறேன். சில கேம் நன்றாக ஓடுகிறது, சிலது திணறுகிறது. கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகுமா?
- வாசகர், திருப்பூர்

கார்டுக்குப் பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். பிசிஎஸ்எக்ஸ்2 செட்டிங்ஸில் திரைமேல் தகவல் காட்டும் பகுதிக்குப் போய் சிபியு, ஜிபியு பயன்பாடு இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். திணறுகிற இடத்தில் ஒரு ஓரத்தில் 'இஇ' (பிஎஸ்2-வின் முக்கிய பிராசசரைப் பாவனை செய்யும் வேலை), 'ஜிஎஸ்' (அதன் கிராபிக்ஸைப் பாவனை செய்யும் வேலை), 'ஜிபியு' (நம் கணினியின் கிராபிக்ஸ்) என்று சதவீதம் ஓடும். இஇ நூறை ஒட்டி நின்றால் குறை பிராசசரில்தான். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் தீராது. ஜிபியு நூறைத் தொட்டால் உள் ரெசல்யூஷனை (எமுலேட்டர் படம் வரையும் நுணுக்க அளவு) ஒருபடி இறக்குங்கள், செலவே இல்லாமல் சரியாகலாம். இறக்கினால் படம் மங்கலாக இருக்கிறது என்றால் அப்போது கார்டைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் 4570, 2013-இல் வந்தது. இஇ தான் முட்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி: ஹார்டு டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் கேம் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். பையன் வாங்கச் சொல்கிறான். எங்களிடம் பழைய பிஎஸ்2-வும் கேம் டிஸ்க்குகளும் இருக்கின்றன.
- வாசகி, பொள்ளாச்சி

வாங்காதீங்க அம்மா. எமுலேட்டர் மென்பொருளைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேம்களுக்குப் பதிப்புரிமை இருக்கிறது, அப்படி நகல் போட்டு விற்பது சட்டப்படி குற்றம். போதாததற்கு அந்த டிஸ்க்கில் என்னென்ன வைரஸ் வரும் என்று யாருக்குத் தெரியும்?

உங்கள் வீட்டில் இருப்பதே போதும். யுஎஸ்பி-யில் செருகும் டிவிடி ரைட்டர் ஒன்று வாங்கினால் பிஎஸ்2 டிஸ்க்கை அப்படியே கணினியில் ஏற்றலாம். அடிப்பாகம் நீலமாக இருந்தால் அது சிடி, வெள்ளியாக இருந்தால் டிவிடி. இரண்டையும் அந்த ரைட்டர் படிக்கும். கேம்கியூப் டிஸ்க் மட்டும் சாதாரண டிரைவில் வராது. டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்துப் போடுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். எமுலேட்டர் ஓட பயாஸ் ஃபைல் (பிஎஸ்2-வை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) ஒன்று வேண்டும். அதை உங்கள் பிஎஸ்2-விலிருந்தேதான் எடுக்க வேண்டும். எப்படி என்று அடுத்த இதழில் படத்தோடு எழுதுகிறேன். அதுவரை அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீங்க.