பழைய பிக்கப்பில் டீசல் எஞ்சின் போய்விட்டால் எந்த எஞ்சினை மாட்டுவது?

பழைய பிக்கப்பின் டீசல் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது, அதே மாடலைத் தேடுவதா, வேறு எஞ்சின் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதே மாடல்தான் என் ஓட்டு. வேறு எஞ்சின் என்றால் மவுண்ட், பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) இருக்கும் இடம், ரேடியேட்டர் ஹோஸ் என ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே போகும். அதுவும் காமன் ரெயில் எஞ்சின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் வகை) என்றால் இசியூ எனும் அந்தக் கம்ப்யூட்டர், வயரிங், சென்சார் எல்லாம் கூடவே வரவேண்டும். மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள எஞ்சினில் இந்தத் தலைவலி குறைவு.

வாங்கும் முன் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று, பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருந்தால் வேண்டாம். ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறக்கும்போது புகை குபுகுபுவென்று வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும்.

பலர் கோட்டை விடுவது வேறு இடத்தில். பழைய எஞ்சின் ஏன் போனது என்று பார்க்கவே மாட்டார்கள்! பேரிங் அரைபட்டுப் போயிருந்தால் உலோகத் தூள் ஆயில் கூலருக்குள் தங்கியிருக்கும். அதே கூலரை மாட்டினால் தூள் நேராகப் புது எஞ்சினுக்குப் போகும். கூலரை மாற்றிவிடுவதே நல்லது. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது) உடைந்திருந்தால், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் ஆயில் தேங்கியிருக்கும். எஞ்சின் அதை எரிபொருளாக உறிஞ்சிக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறும். இன்டர்கூலரைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். டேங்கில் தண்ணீர், துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்ச், பின்பக்க கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுப்பது) இரண்டையும் மாற்றிவிடுங்கள். அப்புறம் முதல் ஸ்டார்ட்: டீசலைத் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றுங்கள். அதன் பிறகே டீசலைத் திறக்கவேண்டும்.