வேட்டையில் நவீன கருவிகள்: உதவியா, கெடுதலா?

எல்லாக் கருவியையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்பதுதான் என் பதில். வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்காவை எடுத்துக்கொண்டு பேசுகிறேன் (இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்ததோடு அந்தக் கதை பெரும்பாலும் முடிந்துவிட்டது).

தூரம் அளக்கும் லேசர் கருவி இருப்பது நல்லதுதான். அம்பு போகப் போகத் தாழும், அதனால் தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் மான் சாகாமல் வயிற்றில் காயத்தோடு ஓடிப்போய் எங்கேயோ கிடந்து துடிக்கும். அதைத் தவிர்க்கிற கருவியை யார் குறை சொல்ல முடியும்? ஜிபிஎஸ்ஸும் அப்படித்தான், வழி தவறாது, அடுத்தவர் நிலத்துக்குள் போகாமலும் இருக்கலாம்.

சிக்கல் கேமராவில். மரத்தில் கட்டிவைத்தால் மான் வந்ததும் போனுக்குப் படம் வந்துவிடும். அரிசோனா மாதிரி வறண்ட இடத்தில் தண்ணீர் இருக்கும் இடங்களே கொஞ்சம், அங்கே கேமரா வைத்தால் விலங்குக்கு ஒளிய இடம் ஏது? அந்த மாநிலம் 2022 தொடக்கத்திலிருந்து வேட்டைக்கு அதைத் தடை செய்துவிட்டது. அலாஸ்காவிலோ, விமானத்தில் பறந்துவிட்டு அன்றைக்கே பெரும்பாலான விலங்குகளைச் சுடக்கூடாது. இது ஒன்றும் புதுப் பேச்சு இல்லை, பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் அமைப்பு நெடுங்காலமாகச் சொல்வதும் இதைத்தான்: விலங்குக்குத் தப்பிக்க வாய்ப்பு இருக்க வேண்டும்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, தடம் எவ்வளவு பழசு என்று பார்த்துப் பார்த்து நடப்பதில்தான் வேட்டைக்காரருக்குச் சுவையே. அந்த வேலையைப் போன் செய்துவிட்டால், சரி, இறைச்சி கிடைக்கும், அவ்வளவுதான்.