கையடக்க கன்சோலில் இண்டி பிளாட்ஃபார்ம் கேம்களை மதிப்பிடும்போது பத்துக்கு எத்தனை என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில், சிறு குழுக்கள் உருவாக்கிய இண்டி வகையைச் சேர்ந்த, மேடைக்கு மேடை குதித்துச் செல்லும் பிளாட்ஃபார்ம் கேம்களை விளையாடி விமர்சனம் எழுதத் தொடங்கியிருப்பதாகவும், எதற்கு எழுதினாலும் ஏழு அல்லது எட்டுதான் வந்து நிற்பதாகவும் கேள்வியின் விளக்கத்தில் சொல்லியிருக்கிறீர்கள். கிராபிக்ஸ், இசை, கதை, கட்டுப்பாடு என்று தனித்தனியே மதிப்பெண் போட்டுச் சராசரி எடுத்தால் அப்படித்தான் வரும். ஏனென்றால் இந்த வகை கேமில் அவை சம எடை கொண்டவை அல்ல. குதிப்பதுதான் இங்கே கேம். கதை சுமாராக இருந்தும் மறக்க முடியாத பிளாட்ஃபார்ம் கேம்கள் உண்டு. குதி சரியில்லாமல் நல்லதாக அமைந்த ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆகவே புதிய கேமைத் திறந்ததும் முதல் லெவலை விட்டு நகர அவசரப்படாதீர்கள். பட்டனை லேசாகத் தட்டினால் சிறிய குதியும், அழுத்திப் பிடித்தால் உயரமான குதியும் வருகிறதா என்று பாருங்கள். காற்றில் இருக்கும்போது திசையை மாற்ற முடிகிறதா, விரலை எடுத்ததும் பாத்திரம் நிற்கிறதா, சறுக்குகிறதா, சறுக்கினால் எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் எதிரிகள் இல்லாத இடத்தில் நிதானமாகச் சோதியுங்கள். பிறகு வேண்டுமென்றே தவறாக விளையாடுங்கள். மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகு, ஒரு கணம் தாமதமாகக் குதியுங்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பட்டனை அழுத்துங்கள். கேம் உங்களை எப்படி நடத்துகிறது என்பது அங்கேதான் தெரியும்.

2018 ஜனவரியில் வெளிவந்த செலஸ்ட் இதற்கு மிகச் சிறந்த பாடம். மேடி தார்சனும் நோயல் பெர்ரியும் முதலில் பிகோ-8 என்ற சிறு மென்பொருள் கன்சோலுக்காக நான்கே நாட்களில் செய்த ஒரு குட்டி கேம்தான் பிறகு செலஸ்டாக வளர்ந்தது. அதில் பாத்திரத்தை இயக்கும் நிரலை அவர்கள் பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள் என்பதால் உள்ளே நடப்பதை யாரும் வாசித்துப் பார்க்கலாம். விளிம்பிலிருந்து கால் நழுவிய பிறகும் 0.1 வினாடிவரை குதிக்க அனுமதி உண்டு. வினாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், ஓடும்போது அது ஆறு ஃபிரேம். முன்கூட்டியே அழுத்திய பட்டனைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருந்து, கால் தரையில் பட்டவுடன் குதிக்க வைக்கிறது. பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் குதியின் உச்சியில் ஈர்ப்பு விசை பாதியாகக் குறைகிறது. அதனால் எங்கே இறங்குவது என்று தீர்மானிக்க நொடியின் ஒரு பகுதி கூடுதலாகக் கிடைக்கிறது. மேலே எழும்பும்போது தலை ஒரு மூலையில் சில பிக்சல் மட்டும் இடித்தால், பாத்திரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி மேலே விட்டுவிடுகிறது. சுவரைத் தொடாமல் இரண்டு பிக்சல் தள்ளியிருந்தாலும் சுவரை உதைத்துக் குதிக்கலாம்.

விளையாடுபவருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. ‘சரியாகச் செய்தேன்’ என்ற மகிழ்ச்சி மட்டும்தான் தெரியும். விமர்சகர் அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். ‘கட்டுப்பாடுகள் துல்லியமாக இருக்கின்றன’ என்று இணையத்தில் வரும் பெரும்பாலான விமர்சனங்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. செலஸ்ட் துல்லியமான கேம் என்பதைவிட, துல்லியம் தவறும் இடங்களில் தாராளமாக நடந்துகொள்ளும் கேம் என்பதே சரி. அந்தத் தாராளத்தைக் கண்டுபிடித்து எழுதினால் உங்கள் விமர்சனம் தனியாக நிற்கும்.

அடுத்தது, கேம் எவ்வளவு கடினம் என்பது. கடினமாக இருப்பதற்காக மதிப்பெண் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறை சாகும்போதும் ஏன் செத்தோம் என்று எனக்குத் தெரிகிறதா, மீண்டும் முயல எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்ற இரண்டையும்தான் நான் பார்ப்பேன். 2010இல் எட்மண்ட் மெக்மில்லனும் டாமி ரெஃபனிஸும் செய்த சூப்பர் மீட் பாய் கொடூரமான கேம். ஆனால் செத்த மறுகணமே லெவலின் தொடக்கத்தில் நிற்கிறோம். லெவலை முடித்ததும், அதுவரை செய்த முயற்சிகள் அத்தனையும் திரையில் ஒரே நேரத்தில் ஓடிக் காட்டப்படும். எந்த இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தோம் என்பது அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் புரிந்துவிடும். தோல்வியைக் கற்றலாக மாற்றும் இத்தகைய வடிவமைப்பு எனக்கு அழகான பின்னணி ஓவியத்தைவிடப் பல மடங்கு பெரியது.

அதே 2010இல் டெரி கவனா உருவாக்கிய, ஆறு ‘வி’ எழுத்துகளையே பெயராகக் கொண்ட கேமில் குதிப்பதே கிடையாது. பட்டனை அழுத்தினால் ஈர்ப்பு விசை தலைகீழாகி, தரையில் நிற்பவர் கூரைக்குப் போவார். அவ்வளவுதான் செய்ய முடியும். அதில் ஓரிடத்தில் காலடி உயரமே உள்ள ஒரு சிறு கட்டை வழியை மறிக்கும். வேறு எந்த கேமிலும் ஒரு சிறு குதியில் தாண்டிவிடக்கூடியது. இங்கே அதைத் தாண்ட, முட்கள் நிறைந்த அறைகள் பலவற்றின் ஊடாக மேலே விழுந்து, மறுபடி அதே வழியாகக் கீழே விழுந்து வர வேண்டும். ஒரே ஒரு விதியை எடுத்துக்கொண்டு அதன் எல்லைவரை போய்ப் பார்க்கும் துணிவு இது. பெரிய நிறுவனங்களில் இத்தகைய முடிவுக்கு ஒப்புதல் கிடைப்பது கடினம். இண்டி கேம்களை நான் தேடிப் போவது இதற்காகத்தான். சில மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதற்காக அதன் மதிப்பெண்ணைக் குறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

இனி, பலர் விட்டுவிடும் பகுதிக்கு வருகிறேன். நீங்கள் மதிப்பிடுவது கேமை மட்டும் அல்ல, இந்தக் கையடக்கக் கருவியில் ஓடும் கேமை. திரையிலிருந்து தொடங்கலாம். செலஸ்டின் படம் அடிப்படையில் 320க்கு 180 பிக்சல். ஸ்விட்சின் சொந்தத் திரை 1280க்கு 720. நான்கால் பெருக்கினால் மிச்சமில்லாமல் பொருந்துகிறது. ஒவ்வொரு புள்ளியும் கச்சிதமான சதுரமாக நிற்கும். தொலைக்காட்சியில் 1080 வரிகளுக்குப் போனாலும் ஆறால் பெருக்கிக்கொள்ளலாம். 1280க்கு 800 திரை கொண்ட இன்னொரு கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் மேலும் கீழும் நாற்பது பிக்சல் கறுப்புப் பட்டை வரும், ஆனால் புள்ளிகள் சிதையாது. இந்தக் கணக்கைக் கவனிக்காத கேம்களில் சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும். திரை நகரும்போது ஓரங்கள் மினுங்கும். அரை மணி நேரத்தில் கண் வலிக்கும். ஒரு கேமில் இதை நீங்கள் பார்த்தால் தயங்காமல் எழுதுங்கள். வாங்க நினைப்பவருக்கு அது பின்னணிக் கதையைவிட முக்கியமான செய்தி.

எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது என்பதும் முக்கியம். இது பழைய சிக்கல். 1999இல் கேம் பாய் கலருக்கு வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் டீலக்ஸில், தொலைக்காட்சிக்காக 256 பிக்சல் அகலத்தில் வடிவமைத்த உலகத்தை 160 பிக்சல் அகலச் சாளரத்தின் வழியாகப் பார்க்க வேண்டியிருந்தது. குதித்து இறங்கப்போகும் இடம் சில வேளைகளில் திரைக்கு வெளியே இருக்கும். இன்று கருவிகளின் திறன் வளர்ந்துவிட்டது, ஆனாலும் பெரிய மானிட்டரில் உட்கார்ந்து உருவாக்கிய கேம், ஸ்விட்சின் சிறிய வடிவமான ஸ்விட்ச் லைட்டின் 5.5 அங்குலத் திரையில் வரும்போது முள்ளும் புல்லும் ஒன்றுபோலத் தெரிவது நடக்கத்தான் செய்கிறது. முடிந்தால் வெயில் வரும் ஜன்னலோரத்தில் ஒரு முறையாவது விளையாடிப் பாருங்கள். இருண்ட குகைகளை விரும்பும் கேம்கள் அங்கே தோற்றுவிடும்.

பட்டன்களுக்கு வருவோம். சாதாரண ஸ்விட்சின் இடப்பக்க ஜாய்-கானில், அதாவது கழற்றி மாட்டக்கூடிய கைப்பிடியில், திசைகளுக்கு நான்கு தனித்தனிப் பட்டன்கள்தான் உண்டு. ஸ்விட்ச் லைட்டில் ஒரே துண்டான சிலுவை வடிவத் திசைப்பட்டன் இருக்கிறது. செலஸ்டில் காற்றில் எட்டுத் திசைகளில் பாயலாம். மூலைத் திசையில் பாய, கட்டைவிரல் இரண்டு தனிப் பட்டன்களை ஒருசேர அழுத்த வேண்டும். கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக்கைப் பயன்படுத்தினால் மூலைத் திசை எளிதாகிறது, நேர் மேலே பாய்வது தவறிப் போகிறது. 2014இல் யாட் கிளப் கேம்ஸ் வெளியிட்ட ஷவல் நைட்டில் காற்றில் கீழ்த்திசையை அழுத்தி மண்வெட்டியை ஊன்றியபடி எதிரிகளின் தலைமேல் துள்ளிச் செல்ல வேண்டும். அங்கே தனித்தனிப் பட்டன்களே வசதி. ஆகவே எந்தக் கருவியில், எந்தப் பட்டனில் விளையாடினீர்கள் என்று எழுதுங்கள். பட்டன்களை மாற்றியமைக்கும் வசதி கேமில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரே பாய்ச்சலுக்கு இருவர் இரு விதமான அனுபவம் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் அவர்கள் கையில் இருக்கும் கருவிதான்.

ஃபிரேம் வேகத்தில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். 2019இல் ப்ளட்ஸ்டெயின்ட்: ரிச்சுவல் ஆஃப் தி நைட் வந்தபோது மற்ற கன்சோல்களில் வினாடிக்கு 60 ஃபிரேமாகவும் ஸ்விட்சில் 30 ஆகவும் ஓடியது. 60இல் ஒரு ஃபிரேம் சுமார் 17 மில்லி வினாடி. 30இல் அது 33. கதை சார்ந்த கேமில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். குதியும் வெட்டும் கைக்கு உடனே கட்டுப்பட வேண்டிய கேமில் இந்த வித்தியாசத்தை விரல் உணரும். கேம் நன்றாக இருக்கிறது, இந்தக் கருவிக்கு வந்த வடிவம் சரியில்லை என்று இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடம் இது. அப்டேட்களில் நிலைமை மாறக்கூடும் என்பதால் எந்தப் பதிப்பை விளையாடினீர்கள் என்ற எண்ணையும் குறிப்பிடுங்கள்.

கையடக்கக் கருவியில் விளையாடுபவர் பாதியில் நிறுத்துவார். பஸ் வந்துவிடும், யாராவது கூப்பிடுவார்கள். பட்டனைத் தட்டினால் ஸ்விட்ச் உறங்கிவிடும், எழுப்பினால் அதே இடத்தில் தொடரும். ஆனால் நினைவு அப்படித் தொடர்வதில்லை. அடிலெய்டைச் சேர்ந்த டீம் செர்ரியின் ஹாலோ நைட் 2018 ஜூனில் ஸ்விட்சுக்கு வந்தது. விரிந்து கிளைக்கும் நிலத்தடி உலகம். ஒவ்வொரு பகுதிக்கும் வரைபடத்தை வாங்க வேண்டும், புதிதாகக் கண்ட இடங்கள் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் அதில் பதியும். நாம் நிற்கும் இடம் வரைபடத்தில் தெரிவதற்குக்கூடத் தனியாக ஒரு பொருளை அணிய வேண்டும். தொலைந்து போவதையே இன்பமாக்கும் இந்த வடிவமைப்பை நான் மிகவும் நேசிக்கிறேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் மட்டும், எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்று வெகுநேரம் தடவ வேண்டியிருக்கிறது. சில நாள் இடைவெளி விட்டு மறுபடி தொடங்கிப் பார்க்காமல் கையடக்க கேமின் விமர்சனத்தை முடிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

விலையை மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். இண்டி கேம்கள் அடிக்கடி தள்ளுபடிக்கு வரும், உங்கள் எண் அப்படியே நிற்கும். பழைய கேம்களை நினைவூட்டும் பிக்சல் ஓவியத்துக்கும் தனி மதிப்பெண் வேண்டாம்.

என் எண்களைக் கேட்டால், ஸ்விட்சைக் கையில் பிடித்து விளையாடும் நிலையில் செலஸ்டுக்குப் பத்து, ஆறு ‘வி’க்கு ஒன்பது, ஷவல் நைட்டுக்கு எட்டரை, சூப்பர் மீட் பாய்க்கு ஏழரை. ஹாலோ நைட்டைத் தொலைக்காட்சியில் விளையாடினால் பத்து கொடுப்பேன், கையில் ஒன்பது. என் அளவுகோலில் ஐந்து என்பது நடுநிலை. வேலை செய்கிறது, ஆனால் நினைவில் நிற்காது என்று பொருள். ஏழு உண்மையிலேயே நல்ல கேமுக்கு உரியது. நான்கையும் மூன்றையும் பயன்படுத்தப் பயந்தால் எட்டுக்கு மதிப்பு போய்விடும். அந்த எட்டை நம்பி ஒருவர் தன் சேமிப்பைச் செலவிடுகிறார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

செலஸ்டில் உதவி முறை என்று ஒன்று உண்டு. கேமின் வேகத்தைக் குறைக்கலாம், கூடுதல் பாய்ச்சல்கள் வைத்துக்கொள்ளலாம், சாகாமலே விளையாடலாம். அதைப் பயன்படுத்தி முடித்தவரின் கருத்து செல்லாது என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. கை நடுக்கம் உள்ளவருக்கும் முதன்முறையாகக் கன்சோல் பிடிப்பவருக்கும் செலஸ்டில் வரும் அந்த மலை ஏறக் கிடைக்க வேண்டும். அந்த முறையில் கேம் எப்படி இருக்கிறது என்று எழுதுபவர்கள் தமிழில் மிகக் குறைவு. நீங்கள் எந்த முறையில், எதுவரை விளையாடினீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, அந்த முறையையும் ஒரு மணி நேரம் விளையாடிப் பார்த்து எழுதுங்கள். கேமை முடிக்காமல் நிறுத்தியிருந்தால், எந்த லெவலில், எதனால் நிறுத்தினீர்கள் என்றும் எழுதுங்கள். அதே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் இன்னொருவர் அதைத் தேடித்தான் வந்திருப்பார்.