மருத்துவத்தோடு எந்தக் கலாநிதிப் பட்டம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மருத்துவபீடத்தில் நான்காம் வருடம். பின்னாளில் கலாநிதிப் பட்டமும் (பிஎச்.டி.) செய்ய ஆசை. உயிர் இரசாயனவியலா, மரபணுவியலா, எதற்கு மதிப்பு அதிகம்?
(மாணவர், கோப்பாய்)

மதிப்பை விடுங்கள் தம்பி. நோயாளர் விடுதியில் (வார்ட்டில்) நின்றுவிட்டு வந்தபின் உங்களை நித்திரை கொள்ள விடாத கேள்வி எது? முதலில் அதைக் கொப்பியில் எழுதுங்கள். எனது பயிற்சிக் காலத்தில், வெங்காயத் தோட்டத்தில் கடி வாங்கிய ஒருவர், அடித்த பாம்பைச் சொப்பிங் பையில் போட்டு முடிந்துகொண்டு வந்தார். சுருட்டை விரியன். 2 மில்லிலீற்றர் இரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்த்தோம். உறையவில்லை, தண்ணீராய் ஓடியது.

அந்தக் குழாயை இன்றும் மறக்கவில்லை. நஞ்சின் எந்தப் புரதம் இரத்த உறைவைக் குலைக்கிறது என்று தேடினால் உயிர் இரசாயனவியலுக்குப் போவீர்கள். இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்த விஷமுறிவு மருந்துக்கு எங்கள் ஊர்ப் பாம்பின் நஞ்சு எவ்வளவு கட்டுப்படும் என்று கேட்டால் நோயெதிர்ப்பியல். எந்த மாதம், எத்தனை மணிக்கு, யாரைக் கடிக்கிறது என்றால் நோய்ப்பரவலியல். நாலைந்து வருடம் ஆய்வுகூடத்தில் நிற்கப் பிடிக்குமா, தோட்ட வரம்பில் கமக்காரரோடு நின்று கதைக்கப் பிடிக்குமா? அது உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: உள்ளகப் பயிற்சி முடிந்தது. எம்.டி. முதலா, கலாநிதிப் பட்டமா? அமெரிக்காவில் ஒன்றுவிட்ட அண்ணா இரண்டையும் சேர்த்தே படிக்கிறார்.
(வைத்தியர், பருத்தித்துறை)

அங்கே எம்.டி. என்பது அடிப்படை மருத்துவப் பட்டம். அதோடு பிஎச்.டி.யும் சேர்த்துப் படிக்க 7, 8 வருடமாகும். அதற்கென அரச நிதித் திட்டம் 1964இலிருந்தே உண்டு. இங்கே அடிப்படை எம்.பி.பி.எஸ்.; எம்.டி. நிபுணராவதற்கான பயிற்சி. நோயாளரைப் பார்க்காமல் இருக்க முடியாதென்றால் எம்.டி.யை முதலில் முடியுங்கள். மருத்துவபீடத்தில் அடிப்படை விஞ்ஞானம் படிப்பிக்கத்தான் விருப்பமென்றால் கலாநிதிப் பட்டத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. புள்ளிவிபரவியல் இல்லாத துறை எது?
(மாணவி, சுன்னாகம்)

அப்படியொன்றைத் தேடி அலையாதீர்கள் பிள்ளை. உயர்தரத்தில் உயிரியல் படித்துவந்த பலருக்கும் இந்தப் பயம் இருக்கிறது. உங்கள் கையால் சேர்த்த தரவு மேசையில் இருக்கும்போது படித்துப் பாருங்கள், ஏறும்.

கேள்வி: வைத்தியரான மகள் மானிடவியலில் ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். படித்த மருத்துவம் வீணாகாதா?
(தாய், சாவகச்சேரி)

வீணாகாது அம்மா. “நெஞ்சு பதைக்குது” என்று கிளினிக்குக்கு வருபவரின் ஈ.சி.ஜி. சரியாக இருக்கும், காணாமற்போன மகனைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பேச்சைப் படிக்கவும் ஒரு துறை வேண்டும், அதுதான் மானிடவியல். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். நோயாளரின் மொழியை அவர் அவ்வளவு பெரிதாக எடுத்தார். மகளை மறிக்காதீர்கள்.

கேள்வி: நல்ல ஆய்வென்றால் வெளிநாடுதான் போகவேண்டுமா?
(வைத்தியர், நல்லூர்)

சில கருவிகளுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் டெங்கு நுளம்பு உவர்நீரிலும் பெருகுகிறது என்று 2011இல் உலகுக்குக் காட்டிய ஆய்வில் யாழ்ப்பாணத்துக்கும் பங்குண்டு. சுண்ணக்கல்லுக்குள் தோட்ட உரம் இறங்கி, கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக் கிடப்பதும் எங்கள் காலடியிலேயே. எங்கே போனாலும், பதியுமுன் அந்த மேற்பார்வையாளரிடம் ஏற்கெனவே படித்த இரண்டு பேரோடு தனியாகக் கதையுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள், எழுதிக் கொடுத்ததை அவர் எத்தனை நாளில் திருப்பித் தந்தார் என்று கேளுங்கள்.