மூன்று பிள்ளைகளுக்கும் என்ன புத்தகம் எடுப்பது?

அன்புள்ள தங்கச்சிக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவில் உள்ள ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டு வயதில் மகன், எட்டு வயதில் மகள், நான்கு வயதில் கடைக்குட்டி. யாருக்கு என்ன புத்தகம் வாங்குவது என்றும், ஆங்கிலம் பிடிபடும்வரை தமிழ்ப் புத்தகங்களை ஒதுக்கி வைக்கும்படி உறவினர்கள் சொல்கிறார்களே, அது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள்.

ஒதுக்கி வைக்காதீர்கள். தெரியாத சொல்லை இடம் பார்த்து ஊகிக்கவும், கதை அடுத்து எங்கே போகும் என்று எதிர்பார்க்கவும் தமிழில் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் அந்தப் பழக்கம் கை கொடுக்கும். பாடசாலை ஆங்கிலத்தைக் கட்டாயம் கற்றுக் கொடுக்கும். தமிழைத் தொடர்ந்து கொடுக்க வீடுதான் இருக்கிறது.

இப்போதைக்குப் பணம் கொடுத்து வாங்கவும் வேண்டாம். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நகரம் முழுவதும் 100 கிளைகள் இருக்கின்றன. உறுப்பினர் அட்டை இலவசம். பிந்திக் கொடுத்தால் விதிக்கும் அபராதத்தை 2022இல் எல்லோருக்குமே நிறுத்திவிட்டார்கள். அதனால் ஒரே தடவையில் பத்துப் பதினைந்து புத்தகங்களை அள்ளி வரலாம். பிடிக்காதவற்றைத் திருப்பிக் கொடுத்தால் போதும். தொலைத்தாலோ சேதப்படுத்தினாலோ மட்டும் பணம் கேட்பார்கள். ஸ்காபரோவில் பல கிளைகளில் தமிழ்ப் புத்தகங்களுக்குத் தனி அலுமாரியே உண்டு. தேடுவது வேறு கிளையில் இருந்தால் பதிவு செய்யுங்கள், உங்களுக்குப் பக்கத்துக் கிளைக்கு அனுப்பி வைப்பார்கள்.

உங்கள் கவனம் அதிகம் தேவைப்படுவது மூத்தவருக்குத்தான். ஒன்ராறியோவில் வயதைப் பார்த்துத்தான் வகுப்பில் சேர்க்கிறார்கள். ஆகவே அவர் ஏழாம் வகுப்பில் இருப்பார். புத்தி பன்னிரண்டு வயதுக்குரியது. ஆங்கில வாசிப்போ தங்கையின் அளவிலோ அதற்கும் கீழேயோ இருக்கலாம். இங்கேதான் பல வீடுகளில் காரியம் கெடுகிறது. ஆங்கிலம் எளிதாக இருக்கிறதே என்று முயல்குட்டிப் படம் போட்ட புத்தகத்தை அவர் கையில் கொடுப்பார்கள். அதை வகுப்பில் நாலு பேர் பார்க்கத் திறக்க அவருக்கு மனம் வருமா? ஒரு மாதத்தில் வாசிப்பே வேண்டாம் என்றாகிவிடும்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கென்றே, கதை அவர்கள் வயதுக்குரியதாகவும் மொழி எளிதாகவும் இருக்கும் புத்தகங்கள் வருகின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ஓர்கா பதிப்பகத்தில் 'கரண்ட்ஸ்' என்ற வரிசை பத்து முதல் பதினான்கு வயதினருக்கு, 'சவுண்டிங்ஸ்' பதின்ம வயதினருக்கு. மெல்லிய புத்தகங்கள், சின்னச் சின்ன அத்தியாயங்கள், முதல் பக்கத்திலேயே கதை சூடு பிடித்துவிடும். ஆங்கிலம் இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் அடங்கும். ஆனால் புத்தக அட்டையைப் பார்த்து யாரும் அதைச் சொல்ல முடியாது. நூலகரிடம் இந்த வரிசைப் பெயர்களைச் சொன்னாலே எடுத்துத் தருவார்.

சித்திரக்கதைகளையும் தடுக்காதீர்கள். "படம் பார்த்துக்கொண்டு இருக்கிறான், படிக்கவில்லை" என்று பெற்றோர் கோபிப்பதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் வரும் ஆங்கிலம் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் பேசும் ஆங்கிலம். அதைக் கற்றுக்கொள்ள வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. விளையாட்டு, விண்வெளி, பாம்பு, மோட்டார் வண்டி என்று எதில் பித்தோ அதில் படங்கள் நிறைந்த தகவல் நூல்களையும் எடுங்கள். முதலில் படத்துக்குக் கீழே உள்ள ஒரு வரியை மட்டும் வாசிப்பார். பிறகு பக்கத்துப் பெட்டிக்குள் இருப்பதை. ஒரு நாள் பார்த்தால் முழுப் பத்தியையும் முடித்திருப்பார்.

தமிழில் மட்டும் அவருடைய தரத்தைக் குறைத்துவிடாதீர்கள். ஊரில் என்ன கனத்தில் வாசித்தாரோ அதே கனத்தில் கொடுங்கள். நம்மவர்களின் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் 'நூலகம்' என்ற பெயருடைய இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

எட்டு வயது மகளுக்குப் புத்தக அட்டையில் இருக்கும் 'நிலை 1', 'நிலை 2' என்ற எண்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு பதிப்பகத்தின் இரண்டாம் நிலை இன்னொன்றின் மூன்றாம் நிலையாக இருக்கும். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அது இப்போதைக்கு வேண்டாம். இரண்டு மூன்று என்றால் அளவாக இருக்கிறது. ஒரு கதாபாத்திரம் பிடித்துவிட்டால் அந்தத் தொடரின் அடுத்த புத்தகத்தையே எடுங்கள், அதே ஆட்களும் அதே சொற்களும் திரும்ப வருவதால் வேகம் கூடும்.

பாடசாலை நூலகரிடம் 'ஃபாரஸ்ட் ஆஃப் ரீடிங்' என்ற வாசிப்புத் திட்டம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். ஒன்ராறியோ நூலகச் சங்கம் நடத்துவது. பத்துக் கனேடிய நூல்கள் கொண்ட பட்டியலில் ஐந்தையாவது வாசித்த பிள்ளை, பிடித்த நூலுக்கு வாக்களிக்கலாம். அதிக வாக்குப் பெற்றதுக்கே விருது. மூன்றாம் வகுப்பு முதல் ஆறு வரை சில்வர் பேர்ச் என்ற பிரிவு, ஏழுக்கும் எட்டுக்கும் ரெட் மேப்பிள் என்ற பிரிவு. ஆகவே இருவருக்கும் பொருந்தும். மூத்தவருக்கு முதல் வருடம் கடினமாக இருந்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழில் மகளுக்கு, இந்தியாவின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் ஏராளமான கதைகள் நான்கு நிலைகளாக இருக்கின்றன. முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிகள்தான். கட்டணம் இல்லை.

கடைக்குட்டிக்கு வாசிப்பது நீங்கள்தான், தமிழில்தான். சொற்களே இல்லாத படப் புத்தகங்களை நிறைய எடுங்கள். அவற்றை எந்த மொழியிலும் சொல்லலாம், ஒவ்வொரு இரவும் கதையை மாற்றியும் சொல்லலாம். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் நூல்களும் நூலகத்தில் உண்டு.

கடைக்குட்டிக்கு ஆங்கிலப் படப் புத்தகங்களை வாசித்துக் காட்டும் பொறுப்பை மூத்தவரிடம் கொடுங்கள். தனக்கென்று கொடுத்தால் தொட மறுக்கும் அதே புத்தகத்தை, சின்னவருக்காக என்றால் அண்ணன் உரக்க, குரலை மாற்றி மாற்றி வாசிப்பார். அவருக்கு வேண்டிய எளிய ஆங்கிலமும் அதில் கிடைத்துவிடும். திருத்தப் போகாதீர்கள், அடுத்த அறையில் உங்கள் வேலையைப் பாருங்கள்.

அட்டை எடுக்கப் போகும்போது உங்கள் பெயரும் ரொறன்ரோ முகவரியும் உள்ள ஆவணத்தை மறக்காமல் கொண்டு செல்லுங்கள். மூன்று பிள்ளைகளையும் அழைத்துப்போய் மூவர் பெயரிலும் தனித்தனி அட்டை எடுத்துக் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா