தண்ணீர் வெளியேறாத வாஷிங் மெஷின்: வாரண்டி முடிந்தது என்று கம்பெனி கைகழுவலாமா?

கேள்வி: இங்கே ஒரு ஷோரூமில் 31,000 ரூபாய்க்கு ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்கினேன். மெஷினுக்கு 2 வருடம், மோட்டாருக்கு 10 வருடம் வாரண்டி. 14-ஆம் மாதம் துவைத்த தண்ணீர் வெளியே போகாமல் நின்றுவிட்டது. சர்வீஸ்காரர் வந்து, ஃபில்டரில் காசு மாட்டியிருந்தது என்று எடுத்துப்போட்டு 450 ரூபாய் வாங்கிக்கொண்டார். சில வாரங்களில் மறுபடி அதே தொல்லை. தண்ணீரை வெளியே தள்ளும் டிரெயின் பம்ப்பை இலவசமாக மாற்றினார்கள். 21-ஆம் மாதம் மீண்டும் நின்றது. "உங்கள் போர் தண்ணீர் உப்பு, போர்டு போய்விட்டது, 7,200 ரூபாய் ஆகும்" என்றார்கள். நான் மறுத்து அலைந்ததில் 2 வருடம் ஓடிவிட்டது. இப்போது வாரண்டியே இல்லை என்கிறார்கள். கடைக்காரரோ கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார். புது மெஷினோ பணமோ கிடைக்குமா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: வாரண்டி முடிந்துவிட்டது என்ற பதிலுக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். 21-ஆம் மாதம் நீங்கள் புகார் பதிவு செய்த அன்றே, சரிசெய்து தரும் பொறுப்பு அவர்கள் தலையில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் இழுத்தடித்த மாதங்களை உங்கள் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அன்று புகார் செய்ததற்குச் சான்று வேண்டும். புகார் எண் வந்த எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் உரையாடல், மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள்.

சரி, உங்கள் வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது? மூன்று ஜாப் ஷீட்டில், அதாவது சர்வீஸ்காரர் ஒவ்வொரு முறையும் பழுதை எழுதித் தரும் தாளில். தண்ணீர் ஏன் வெளியேறவில்லை என்பதற்குக் கம்பெனி ஆளே மூன்று முறை மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்: காசு, பம்ப், உப்புத் தண்ணீர். ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருவதும், காரணம் மட்டும் மாறிக்கொண்டே போவதும் உங்களுக்குச் சாதகம். ஜாப் ஷீட் கையில் இல்லையென்றால் சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்பி நகல் கேளுங்கள். தராவிட்டால் அந்த மின்னஞ்சலே ஒரு ஆவணம்.

முதல் 450 ரூபாயை மறந்துவிடுங்கள். கீழே உள்ள சின்னக் கதவைத் திறந்து ஃபில்டரைச் சுத்தம் செய்வது வாங்கியவர் வேலை என்று பெரும்பாலும் கையேட்டிலேயே இருக்கும். காசும் ஹேர்பின்னும் தயாரிப்புக் குறையல்ல. இதற்கும் சேர்த்துச் சண்டை போட்டால் நியாயமான பகுதியும் வலுவிழக்கும். இன்னொன்று, டிரெயின் ஹோஸ் பின்னால் மடங்கியிருந்தாலோ, கையேடு சொல்லும் உயரத்தைத் தாண்டி மாட்டியிருந்தாலோ தண்ணீர் போகாது. அதை இப்போதே பாருங்கள். காரணம் அதுதான் என்றால் வழக்கே இல்லை. ஃபில்டரும் ஹோஸும் சரியாக இருக்கும்போதே மெஷின் நிற்கிறது என்றால், பிளக்கைப் பிடுங்கும் முன் வீடியோ எடுங்கள். திரையில் வரும் பிழைக் குறியும் அதில் தெரிய வேண்டும் (எல்ஜியில் ஓஇ, போஷில் இ18 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும்).

உப்புத் தண்ணீர் வாதத்துக்கு வருகிறேன். கடலோர ஊரில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்பது இங்கே மெஷின் விற்பவருக்குத் தெரியாத ரகசியமா? உப்புப் படிந்து பம்ப் இறுகலாம், ஹீட்டர் கெடலாம். தண்ணீரே படாத எலக்ட்ரானிக் போர்டு எப்படிப் போனது என்று அவர்கள் எழுத்தில் விளக்கட்டும். பம்ப் இறுகியதால் போர்டு எரிந்தது என்பார்கள். அந்தப் பம்ப்பை மாற்றியதே அவர்கள்தானே! வாரண்டி அட்டையில் தண்ணீரின் கடினத்தன்மை பற்றி நிபந்தனை உண்டா, மெஷினைப் பொருத்த வந்தவர் தண்ணீரைச் சோதித்தாரா என்பதையும் பார்த்து வையுங்கள்.

மோட்டாருக்கு 10 வருடம் என்பதை நம்பி இறங்காதீர்கள். அது பெரும்பாலும் டிரம்மைச் சுழற்றும் மோட்டாருக்கு மட்டும். டிரெயின் பம்ப் வேறு, போர்டு வேறு.

புது மெஷின் கிடைக்குமா என்றால், எடுத்த எடுப்பில் கிடைக்காது. மாருதி உத்யோக் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றித் தருவோம் என்பதே வாரண்டி என்றால் முழு வண்டியையும் மாற்றக் கேட்க முடியாது என்றது. கம்பெனி வக்கீல் இதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார். அதனால் மனுவில் போர்டை இலவசமாக மாற்றிச் சரிசெய்து தர வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாகவும், பலமுறை பழுது பார்த்தும் தீராததால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்பதை மாற்றுக் கோரிக்கையாகவும் வையுங்கள். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் தனியாகக் கேளுங்கள், ஆனால் லட்சங்களில் வேண்டாம். மெஷினைச் சோதித்தால்தான் குறை தெரியும் என்று நுகர்வோர் ஆணையம் நினைத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38-இன்படி சோதனைக்கு உத்தரவிடலாம். கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லக்கூடும்.

நடைமுறை பெரிய விஷயமில்லை. முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வரும். அசையவில்லை என்றால் கம்பெனி, சர்வீஸ் சென்டர், கடை மூவருக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ். அப்புறம் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. வாரண்டி அட்டையில் டெல்லி நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று அச்சிட்டிருந்தாலும் கவலை வேண்டாம், பிரிவு 34-இன்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடரலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட இழுக்கும், அதற்குத் தயாராகவே இறங்குங்கள்.

கடைக்காரரையும் எதிர்தரப்பில் சேருங்கள். பில் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அதுவரை துணி துவைக்க வேண்டுமே என்று வெளி மெக்கானிக்கைக் கூப்பிட்டால், கழற்றும் முன் கம்பெனிக்கு மின்னஞ்சலில் தெரிவியுங்கள். அவர் பார்த்ததைத் தேதியோடு எழுதி வாங்குங்கள், பழைய போர்டைப் பத்திரமாக வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் ஆஃபருக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். மெஷின் கைமாறிவிட்டால் சோதித்துப் பார்க்க ஆணையத்துக்கு எதுவும் இருக்காது.